எங்கள் படத்தைப் போடும் இடத்தில் எங்கள் விலையையும் போடுங்கள்

சென்னை, கோவை, பெங்களூரு நகரங்களில் ஸ்பெஷாலிட்டி காபி, அதாவது உயர்தரக் காபி, வறுத்து விற்கும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

இந்த சீசனுக்காக உங்களில் ஒருவர் எனக்கு அனுப்பிய ஒப்பந்தம் இரண்டு பக்கம். முழுக்க ஆங்கிலம். என் மகளை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். தோட்டத்தின் பெயர், குடும்பப் படங்கள், வீடியோ எல்லாவற்றையும் நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஓர் இடத்தில் இருந்தது. சரி, எல்லாரும் கேட்பதுதான். அதற்கு இரண்டு வரி கீழே, நிறுவனம் கொடுக்கும் விலையைத் தோட்டக்காரர் வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, மற்ற விவசாயிகளிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தது. மகள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

தாளை அனுப்பியவர் ஒருவர்தான். ஆனால் இதே பேச்சை வாய்மொழியாக வேறு மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, ரேட்டை மட்டும் பக்கத்துத் தோட்டத்துல சொல்லிடாதீங்க." அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர். எல்லாம் அராபிகா ரகம்தான்: பெரும்பாலும் எஸ்.795, கொஞ்சம் காவேரி, பின்னால் வைத்த சந்திரகிரி கொஞ்சம். ஊடே சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, அங்கங்கே ஆரஞ்சு, மலைவாழை. நல்ல வருஷத்தில் பார்ச்மென்ட்டாக, அதாவது பழத்தை உரித்துக் கழுவிக் காயவைத்த, மேல்தோலோடு இருக்கும் கொட்டையாக, இருபது மூட்டை வரும், மூட்டைக்கு 50 கிலோ. 10 ஹெக்டேர் வரை வைத்திருப்பவரைச் சிறு விவசாயி என்று காபி வாரியம் கணக்கில் வைக்கிறது. இந்தியாவில் உள்ள காபித் தோட்டங்களில் நூற்றுக்கு 98க்கு மேல் அந்தக் கணக்கில்தான் வரும். அதாவது நான் தனி ஆள் இல்லை. பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி, ஆடலூர் என்று எந்தப் பக்கம் இறங்கினாலும் என்னைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

முதலில் என் அத்தையின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரியில் உங்களில் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த நாலு பேர் தோட்டத்துக்கு வந்தார்கள். களத்தில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்து, சுளகில் பார்ச்மென்ட்டைப் பரப்பி, உடைந்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது என்று பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 71 வயது. படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கப்பா" என்றார். அந்த வருஷம் எங்களிடம் ஆறு மூட்டை வாங்கினார்கள். பாக்கெட்டில் அத்தையின் படம் வந்தது. எங்களுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினார்கள். அத்தை அதைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். அதையும் மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் அவர்கள் எங்களிடம் வாங்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் வாங்கவில்லை. கோவையில் படிக்கும் என் மகள் போன வருஷம் ஒரு காபிக் கடையில் இருந்து போனில் படம் அனுப்பினாள். அதே பாக்கெட், அதே அத்தை, அதே சுளகு. கீழே '2024-25 அறுவடை' என்றும் 'விவசாயியிடமிருந்து நேரடியாக' என்றும் அச்சாகியிருந்தது. 250 கிராம் 680 ரூபாய். அந்த அறுவடையில் எங்கள் களத்திலிருந்து ஒரு கொட்டைகூட அவர்களுக்குப் போகவில்லை.

போன் செய்தேன். பழைய டிசைன், அச்சடித்த கவர் மீதி இருந்தது, அடுத்த அச்சில் மாற்றிவிடுவோம் என்றார்கள். கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் மீதிக் கவரில் அறுவடை வருஷத்தை மட்டும் புதிதாக அச்சடிக்க முடிந்திருக்கிறது. உள்ளே இருப்பது யார் காபி என்று கேட்டேன். இன்றுவரை பதில் வரவில்லை.

எந்தத் தோட்டம், எவ்வளவு வாங்கினோம், என்ன கொடுத்தோம் என்பதை எழுதும் வழக்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எழுத வேண்டிய கட்டாயம் இருக்கும்போது, வாங்காத தோட்டத்தின் படத்தை யாரும் போட மாட்டார்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன். ஒளிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை நான் எழுதப்போகிறேன். அந்த ஆறு மூட்டைக்கு ஒப்பந்தம் எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை, அதனால் எழுதலாம்.

2023இல் நீங்கள் கொடுத்தது பார்ச்மென்ட் கிலோவுக்கு 380 ரூபாய். அப்போது எங்கள் பக்கத்து வியாபாரி கொடுத்தது கிட்டத்தட்ட 300. எண்பது ரூபாய் கூடுதல். கேட்க நன்றாக இருந்தது. அந்த எண்பது ரூபாய் எங்கே போனது என்று பாருங்கள்.

ஒரு கிலோ வறுத்த காபிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பார்ச்மென்ட் வேண்டும். தோல் நீக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு போகும், வறுக்கும்போது இன்னொரு ஆறில் ஒரு பங்கு போகும். ஒன்றரைக் கிலோ பார்ச்மென்ட்டுக்கு ஏழரைக் கிலோ பழம். உங்களுக்குக் கனிந்த பழம் மட்டும் வேண்டும், பச்சை ஒன்றுகூட கலக்கக் கூடாது. அப்படி எடுத்தால் பழகிய ஆளே ஒரு நாளைக்கு 30 கிலோ தாண்டுவது கஷ்டம். வியாபாரிக்கு எடுக்கிற மாதிரி கிளையை உருவினால் 60 கிலோ வரும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், அந்த வருஷம் 450 ரூபாய். ஆக, பழம் எடுக்க மட்டும் கிலோவுக்கு ஏழரை ரூபாய் கூடுதல் செலவு. ஏழரைக் கிலோவுக்கு 56 ரூபாய். உங்கள் கால் கிலோ பாக்கெட்டுக்கு 14 ரூபாய்.

நீங்கள் கொடுத்த கூடுதல் விலையை அதே மாதிரி பாக்கெட்டுக்குப் பிரித்தால் 30 ரூபாய் வருகிறது. மிச்சம் 16 ரூபாய். பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுப்பது, வலைக் கட்டிலில் காயவைப்பது, மணிக்கொரு தடவை கிளறுவது, மழை வந்தால் ஓடுவது, அத்தை நாள் முழுக்க உட்கார்ந்து பொறுக்குவது எல்லாம் இந்தப் 16 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பாக்கெட் 600 ரூபாய்க்கு விற்றது. எனக்கு வந்தது மொத்தமாகவே 142 ரூபாய் சொச்சம்.

இது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வாடகை உண்டு, மெஷின் உண்டு, ஆட்கள் உண்டு, வரி உண்டு, ஆன்லைனில் விற்றுத் தருகிறவருக்குக் கமிஷன் உண்டு. உங்களில் பல பேர் என்னை மாதிரிக் கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்கள் என்றும் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான்: இந்த 142ஐ மறைக்காதீர்கள். குடிக்கிறவர் பார்க்கட்டும். நியாயமா, குறைவா, போதுமா என்று அவர் முடிவு செய்யட்டும். 'நியாய விலை' என்று பாக்கெட்டில் எழுதிவிட்டு அந்த விலை என்ன என்பதை மட்டும் எழுதாமல் விடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த எண்பது ரூபாயிலும் ஒரு பகுதி எங்கள் கைக்கு வரவில்லை. ஆறு மூட்டைக்கு 1,14,000 ரூபாய் வர வேண்டும். பிப்ரவரி கடைசியில் மூட்டை இறங்கியதும் 30,000 வந்தது. மீதி 84,000 ஆகஸ்டில் வந்தது. நடுவில் எத்தனை போன் செய்தேன் என்று எண்ணவில்லை. காபிச் செடி அதுவரை காத்திருக்காது. மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை விழுந்ததும் உரம் வைக்க வேண்டும். தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளைக் கண்டுபிடித்து வண்டு பறப்பதற்கு முன் பிடுங்கி எரிக்க வேண்டும். நிழல் மரம் கவாத்து செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆள் கூலி அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும். நகையை வைத்து 80,000 வாங்கினேன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. ஐந்து மாதத்தில் 8,000 ரூபாய் வட்டி. ஆறு மூட்டைக்கும் சேர்த்து நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கு அடகுக் கடைக்குப் போனது.

வியாபாரியிடம் போட்டால் மூட்டை எடை போட்ட அன்றே பணம். அவர் பிடித்தம் செய்வார், எடையில் குறைப்பார், ஈரம் என்று கழிப்பார். எல்லாம் உண்மை. ஆனால் பணம் அன்றே வரும். அவரிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்கிறவர்களிடம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சிறு, குறு தொழில் செய்கிறவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கவர் அச்சடித்துத் தருகிறவர் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்கலாம். உழுது பயிர் செய்கிறவர் அதில் வரமாட்டார்.

அடுத்தது, காபியைச் சுவைத்துப் பார்த்து நீங்கள் போடும் மதிப்பெண். நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் ஸ்பெஷாலிட்டி என்று எங்களுக்கும் தெரியும். அந்த மதிப்பெண்ணை ஒரு நாளும் நாங்கள் தாளில் பார்த்ததில்லை.

2023 நவம்பரில் இன்னொரு நிறுவனம் எங்களை நேச்சுரல் போடச் சொன்னது. பழத்தைத் தோல் உரிக்காமல் அப்படியே மூன்று வாரத்துக்கு மேல் காயவைக்க வேண்டும். கர்நாடகத்தில் அறுவடை சமயத்தில் வெயில் அடிக்கும். எங்களுக்கு அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். இதை அவர்களிடம் சொன்னேன். செய்துபாருங்கள் அக்கா, நல்ல விலைக்கு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 400 கிலோ காய்ந்த பழத்துக்குக் கணக்குப் போட்டு இறங்கினோம்.

டிசம்பர் நடுவில் மழை பிடித்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தகரத்தில் சத்தம் கேட்டதும் நானும் வீட்டுக்காரரும் ஓடினோம். தார்ப்பாய் ஒரு பக்கம் பறந்து கிடந்தது. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு நனைந்த ஓரத்தைக் கையால் அள்ளித் தனியாக ஒரு கட்டிலில் போட்டேன். பாதி காய்ந்த பழம் பிசுபிசுவென்று ஒட்டும். லேசாகக் கள் வாடை அடித்தால் போதும், அந்தத் தட்டு முழுக்கக் கெட்டுவிடும். விடியும்வரை மோந்து பார்த்து மோந்து பார்த்துப் பிரித்தோம். அப்படி ஒரு ராத்திரி இல்லை, ஐந்தோ ஆறோ.

பிப்ரவரியில் மாதிரி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரே வரி வந்தது: 82.5 வந்திருக்கிறது, நாங்கள் எதிர்பார்த்தது 84, இந்தத் தடவை எடுக்க முடியவில்லை. எங்கே குறைந்தது என்று கேட்டேன். புளிப்பிலா, வாசனையிலா, பழம் அதிகம் ஊறிவிட்டதா, ஈரம் கூடியதா? தெரிந்தால் அடுத்த வருஷம் திருத்தலாம். தாளை அனுப்புகிறோம் என்றார்கள், வரவில்லை. அந்த 400 கிலோ ஊர் வியாபாரிக்கு வெறும் செர்ரி, தோலோடு காய்ந்த சாதாரணப் பழம். கிளையை உருவிக் களத்தில் கொட்டி எப்படியோ காயவைத்த செர்ரிக்கு என்ன விலையோ அதே விலைதான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நேச்சுரல் போடச் சொல்லவில்லை.

ஒரு காபியைப் புதிதாகச் செய்துபார்க்கும் ஆசை உங்களுடையது. அதில் எனக்கும் ஆசை உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் நஷ்டம் வந்தால் அது முழுக்க என்னுடையதாக இருக்கிறது.

மாதிரி பற்றி ஒன்று. ஒரு கிலோ, ஒரு கிலோவாக ஒவ்வொரு வருஷமும் ஏழெட்டுப் பேருக்கு அனுப்புகிறோம். கூரியரும் எங்கள் செலவு. பாதிப் பேரிடமிருந்து கிடைத்தது என்றுகூடப் பதில் வராது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய கதையையும் அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். 2024 நவம்பரில் உங்களில் ஒருவர் அவரிடம் எட்டு மூட்டைக்குக் கிலோ 400 ரூபாய் என்று பேசி முடித்தார். அன்றைய விலைக்கு அது நல்ல விலை. டிசம்பரில் நியூயார்க் சந்தையில் காபி விலை 1977இல் இருந்த உச்சத்தைத் தாண்டியது. பிப்ரவரியில் பவுண்டுக்கு 400 சென்டுக்கு மேல் போனது. எங்கள் பக்கத்து வியாபாரிகள் 500 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், வியாபாரிக்கே போட்டுவிடுங்கள் என்று. அண்ணன் கேட்கவில்லை. "சொன்ன சொல்லு" என்று ஒரே வார்த்தை. எட்டு மூட்டையும் 400க்கே போனது. 40,000 ரூபாய்க்கு மேல் விட்டுக்கொடுத்தார்.

அந்தக் கோடையில் அதே நிறுவனம் உலகச் சந்தையில் காபி விலை ஏறிவிட்டதால் பாக்கெட் விலையைக் கூட்டுகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. அண்ணனிடம் வாங்கியதற்கு உலகச் சந்தை விலை கொடுக்கவில்லையே! அதை அந்த வாடிக்கையாளர் எப்படித் தெரிந்துகொள்வார்? விலையைச் சொல்லக் கூடாது என்று அண்ணனிடமும் கேட்டிருந்தீர்கள். அவர் இவ்வளவு நாள் சொல்லவில்லை.

எனக்கு இதில் மனசுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. சாதாரணக் காபியின் விலை யாருக்கும் ரகசியம் இல்லை. நியூயார்க், லண்டன் விலையைக் காபி வாரியம் தினமும் போடுகிறது. வத்தலகுண்டு வியாபாரி காலையில் போனில் இன்றைய ரேட் என்ன என்று சொல்லிவிடுவார். பட்டிவீரன்பட்டியில் என்ன விலை போகிறது என்று மதியத்துக்குள் மலை முழுக்கத் தெரியும். எங்களை ஏமாற்றுகிறது என்று நீங்கள் சொல்லும் சந்தையில் விலை வெளிச்சத்தில் இருக்கிறது. நேர்மையாக வாங்குகிறோம் என்று நீங்கள் கட்டிய சந்தையில் விலை இருட்டில் இருக்கிறது.

என் மாமனார் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பு ('பூல்') காலத்தைப் பார்த்தவர். விளைந்த காபியெல்லாம் வாரியத்திடம்தான் போடவேண்டும். பணம் தவணை தவணையாக, சில சமயம் வருஷம் தாண்டியும் வரும். அதைச் சொல்லி அவர் திட்டாத நாள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் சிறு விவசாயிகள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வந்தபோது தாண்டிக்குடியில் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். அப்படிப்பட்டவரும் பின்னாளில், "லேட்டா வந்தாலும் எனக்கு என்ன, அடுத்தவனுக்கு என்னன்னு அப்ப தெரியும்" என்று சொல்வார். அந்தப் பொதுத் தொகுப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு என்ன விலை என்று தெரிந்தால்தான் நான் கேட்கிற விலை நியாயமா, பேராசையா என்று எனக்கே தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் சொல்லாதே என்றால், எங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்துப் பேரம் பேசுகிறீர்கள் என்றுதான் பொருள்.

விலையை வெளியே சொன்னால் தொழில் நடக்காது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உங்களைப் போலவே காபி வறுத்து விற்கும் ஆஸ்லோவின் டிம் வெண்டல்போவும் அமெரிக்காவின் கவுண்டர் கல்ச்சரும் எந்த விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்று பல வருஷம் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் தொழில் நடக்கத்தான் செய்கிறது. இதை எனக்குச் சொன்னதே உங்களில் ஒருவர்தான், தோட்டத்துக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னார். ஃபேர்டிரேட் முத்திரை உள்ள காபிக்கு அடிவிலை என்ன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் வைத்த அடிவிலை, மெஷினில் தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர், அதற்கு மேல் சங்கத்துக்கு 20 சென்ட். அந்த முத்திரையிலும் குறைகள் உண்டு, என்னைப் போல் தனி ஆள் அதை வாங்கவும் முடியாது. ஆனால் ஒரு எண் இருக்கிறது. விவசாயியிடம் நேரடியாக வாங்குகிறோம் என்று நீங்கள் போடும் 'டைரக்ட் டிரேட்' என்ற வார்த்தைக்கு எந்த எண்ணும் கிடையாது. யாரும் வந்து தணிக்கை செய்வதும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், எங்கள் அத்தையின் படத்தை அச்சடித்த மாதிரி.

உங்களால் எங்களுக்கு நல்லது நடக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் ஐந்து இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு. கீழ்ப்பழனி அதில் இல்லை. எங்கள் காபி எத்தனையோ வருஷம் பெயர் இல்லாமல் கலவையில் போய்க்கொண்டிருந்தது. மலையின் பெயரை முதன்முதலில் பாக்கெட்டில் போட்டவர்கள் நீங்கள். பழத்தை மிதக்கவிட்டுப் பிரிக்கவும் வலைக் கட்டில் போடவும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் உங்களில் சிலர்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வியாபாரியிடம் யாரும் இப்படி மடல் எழுத மாட்டார்கள்.

எங்களைச் சுற்றி இந்தப் பத்து வருஷத்தில் மூன்று தோட்டம் காபியை விட்டுப் போய்விட்டது. ஒன்றில் செடியைப் பிடுங்கிச் சவ்சவ் பந்தல் போட்டார்கள், இரண்டில் காட்டேஜ் வந்துவிட்டது. நிழல் மரம் போனதும் ஓடையில் கோடைத் தண்ணீர் குறைந்தது. காட்டுமாடு இப்போது எங்கள் பக்கம்தான் இறங்குகிறது. என் மகள் படித்து முடித்ததும் தோட்டத்துக்கு வருவேன் என்கிறாள். வா என்று சொல்லத் தைரியம் வேண்டும். அது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

விலையைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை எல்லா ஒப்பந்தத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், வாயால் சொல்வதையும் நிறுத்துங்கள். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். கன்னடத்துக்காரருக்குக் கன்னடத்தில் கொடுங்கள்.

தோட்டத்தின் பெயரோ ஊரோ படமோ போடும் பாக்கெட்டில், அந்தத் தோட்டத்துக்கு அந்த சீசனில் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள், எத்தனை கிலோ வாங்கினீர்கள், எத்தனை வருஷமாக வாங்குகிறீர்கள் என்று மூன்று எண்களை அச்சடியுங்கள். பார்ச்மென்ட் விலையா, தோல் நீக்கியதன் விலையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டையும் மாற்றிக் காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். பாக்கெட்டில் இடம் இல்லை என்றால் இணையதளத்தில் போட்டு வழி காட்டுங்கள். வாங்காத வருஷத்தில் எங்கள் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

பணம்: மூட்டை இறங்கிய அன்று அறுபது சதவீதம், மீதி 45 நாளுக்குள். அதற்கு மேல் போனால் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி சேர்த்துக் கொடுங்கள், நாங்கள் கட்டுவது அதுதான்.

விலை பேசும்போது நவம்பரிலேயே ஒரே எண்ணாக முடித்துக் கட்டிவிடாதீர்கள். ஓர் அடிவிலை வையுங்கள், சந்தை சரிந்தாலும் அதற்குக் கீழே போகக் கூடாது. சந்தை ஏறினால் மூட்டை இறங்கும் நாளில் உள்ள விலைக்கு மேல் இவ்வளவு என்று ஒரு கூடுதல் தொகை. ஏறும்போது நீங்கள் பாக்கெட் விலையைக் கூட்டுகிறீர்கள், எங்களுக்கும் அதே வழி இருக்கட்டும். இதில் உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் பேசலாம். பிடிவாதம் இல்லை.

மாதிரிக்குப் பணம் கொடுங்கள். சுவைத்துப் பார்த்த தாளை, குறைந்தது எது நிறைந்தது எது என்று தமிழில் இரண்டு வரியோடு, பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள். நீங்கள் கேட்டு நேச்சுரலோ, தோலை மட்டும் உரித்து ஒட்டும் சதையோடு காயவைக்கும் ஹனியோ, புதிதாக எதுவோ போட்டால், பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

அண்ணன் விட்டுக்கொடுத்த தொகையைப் பற்றி அவரிடம் வாங்கியவர் அவரிடமே நேரில் பேசட்டும். அவர் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

நவம்பரில் பழம் எடுப்பு தொடங்கும். அதற்கு முன்னால், அக்டோபர் முதல் வாரத்துக்குள், இதில் எதை ஏற்றுக்கொள்கிறீர்கள், எதை ஏற்க முடியாது என்று ஒவ்வொருவரும் எழுத்தில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் எழுத்தில் வேண்டும். இந்த மலையில் உங்களுக்குக் காபி கொடுக்கும் இருபது முப்பது வீட்டுக்காரர்களிடம் பேசிவைத்திருக்கிறேன். யாருக்குக் கனிந்த பழம் மட்டும் எடுத்துக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்று நாங்கள் சேர்ந்து முடிவு செய்வோம்.

அந்தப் பழைய பாக்கெட்டை இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனம் கடையில் மீதியிருப்பதை இப்போதே எடுத்துவிட வேண்டும். எங்கள் காபியைத் திரும்ப வாங்கி, விலையையும் பக்கத்தில் போடுவதாக இருந்தால், படத்துக்கு அத்தையிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலையிலிருந்து ஒரு காபி விவசாயி